பேன்பரியில் வீடு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் வாடகை கொடுத்தே களைத்துப்போன நண்பர்கள் யாராவது மாதம் ஒருமுறையேனும் தொலைபேசியில் கேட்கிறார்கள்: "உங்கள் ஊரில் வீடு என்ன விலை?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். நான் வீட்டுத் தரகனும் இல்லை, கடன் ஆலோசகனும் இல்லை. இந்த ஊருக்கு வாடகைக்கு வந்து, பிறகு வீடு வாங்கியவன், அவ்வளவுதான்.

பேன்பரி எங்கே இருக்கிறது? சந்தை ஊர் என்கிறார்களே, இன்னும் சந்தை கூடுகிறதா?

ஆக்ஸ்போர்டுஷயரின் வடக்கு மூலையில், செர்வெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. லண்டன் மாரிலபோன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆக்ஸ்போர்டுக்கு இருபது நிமிடம். எம்40 நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டு போகிறது. குழந்தைப் பாட்டில் வரும் 'பேன்பரி கிராஸ்' இந்த ஊருடையதுதான். ஆனால் இன்று நாற்சந்தியில் நிற்கும் தூண் 1859-ல் எழுப்பியது. பழைய சிலுவைத் தூண்களை 1600-ஐ ஒட்டித் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

காய்கறி, துணிமணிச் சந்தை இன்னும் கூடுகிறது. ஆனால் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மாட்டுச் சந்தை 1998-ல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட சந்தை அது. அந்த இடத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன. மாடு விற்ற நிலத்தில் மனை விற்றதிலேயே இந்த ஊரின் கதை பாதி அடங்கிவிடுகிறது.

சரி, விலை என்ன?

பேன்பரி, பிஸ்டர், கிட்லிங்டன் மூன்றும் செர்வெல் மாவட்ட கவுன்சிலுக்குள் வருகின்றன. மாவட்டத்தின் சராசரி வீட்டு விலை அண்மை ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பவுண்டை ஒட்டியே நிற்கிறது. இந்தச் சராசரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிளாட்டும் சிறிய வரிசை வீடும் அதற்குக் கீழே. தனி வீடு வெகு மேலே. சுற்றியுள்ள அடர்பரி, பிளாக்ஸம், டெடிங்டன், ஹூக் நார்ட்டன் போன்ற கிராமங்களில் தேன் நிறக் கல்லில் கட்டிய பழைய வீடுகளைப் பார்த்தால் கண் குளிரும். விலையைப் பார்த்தால் அதே கண் இருளும். ஆக்ஸ்போர்டு நகரத்தோடு ஒப்பிட்டால் மட்டும் எல்லாமே மலிவாகத் தெரியும்.

சின்ன ஊர்தானே, ஏன் இவ்வளவு விலை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. என் பதில்: இங்கே சம்பளத்தைப் பேன்பரி தீர்மானிக்கிறது, வீட்டு விலையை ஆக்ஸ்போர்டும் லண்டனும் தீர்மானிக்கின்றன.

இது பணக்காரர்களின் ஊராக இருந்ததில்லை. அலுமினியத் தொழிற்சாலை 1930-களில் வந்தது. 1960-களில் பர்மிங்காமிலிருந்து உணவுத் தொழிற்சாலை ஒன்று இடம்பெயர்ந்து வந்தது. அது இன்றும் காப்பித் தொழிற்சாலையாக ஓடுகிறது. காற்று வாகாக வீசும் நாளில் கடைத்தெருவரை வறுத்த காப்பி மணம் வரும். அதே காலத்தில் லண்டனில் இடநெருக்கடியில் தவித்த குடும்பங்களுக்காகவும், உள்ளாட்சி குறைந்த வாடகைக்கு விடும் கவுன்சில் வீடுகள் எழுந்தன. உள்ளூர்ச் சம்பளம், உள்ளூர் வீடு என்று கணக்கு ஒருவாறு ஒத்துப்போனது.

1991-ல் எம்40 முழுதாகத் திறக்கப்பட்டதும் அந்தக் கணக்கு கலைந்தது. பேன்பரியில் படுத்துறங்கி வேறு ஊரில் சம்பாதிப்பது எளிதாயிற்று. கூடவே ஆக்ஸ்போர்டு நகரைச் சுற்றிப் பசுமை வளையம் இருக்கிறது. அந்த நிலத்தில் கட்டிடம் எழுப்ப லேசில் அனுமதி கிடைக்காது. பல்கலைக்கழகம், மருத்துவமனைகள், கார் தொழிற்சாலை என வேலைகள் நகரத்தில் குவிய, வேலை செய்பவர்கள் வளையத்தைத் தாண்டி வெளியே விழுகிறார்கள். ஆக்ஸ்போர்டால் கட்ட முடியாத வீடுகளில் 4,400-ஐச் செர்வெல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2020-ல் திட்டமாகவே எழுதிவிட்டார்கள். அவற்றைக் கிட்லிங்டன் பக்கம் பசுமை வளையத்திலிருந்தே நிலம் எடுத்துக் கட்டப்போவது வேறு கதை. அந்த ஊர்க்காரர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் தேநீர் ஆறிவிடும்.

ஆக, கிடங்கிலோ மருத்துவமனை வார்டிலோ இங்கேயே வேலை பார்க்கும் ஒருவர், மாரிலபோன் ரயிலில் போய்வரும் ஒருவரோடு ஒரே வீட்டுக்குப் போட்டி போடுகிறார்.

வீட்டு விலை சம்பளத்தைவிட எத்தனை மடங்கு?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் இதைக் கணக்கிடுகிறது. இங்கிலாந்து முழுமைக்கும் 1997-ல் இடைநிலை (வரிசையில் நட்டநடுவில் வரும்) வீட்டின் விலை இடைநிலை ஆண்டுச் சம்பளத்தைப் போல மூன்றரை மடங்கு. 2021-ல் ஒன்பது மடங்கைத் தாண்டியது. 2024-ல் 7.7 ஆக இறங்கியது. விலை பெரிதாக விழுந்ததால் இல்லை, சம்பளம் ஏறியதால். "கட்டுபடியாகும் நிலை மேம்பட்டிருக்கிறது" என்று தலைப்பு வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மடங்கு குறைந்த அதே காலத்தில் வட்டி ஏறியதைத் தவணை கட்டுபவனிடம் கேட்டால் தெரியும்.

எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?

பொதுவாக ஆண்டு வருமானத்தைப் போல நாலரை மடங்கு. அதற்கு மேலும் சிலருக்குக் கொடுப்பார்கள், எல்லோருக்கும் இல்லை. இங்கிலாந்தில் முழுநேர ஊழியரின் இடைநிலைச் சம்பளம் 2024-ல் சுமார் 37,600 பவுண்டு. நாலரையால் பெருக்கினால் 1,69,200. மூன்றரை லட்சம் வீட்டுக்குப் பத்து சதவீதம் முன்பணம் 35,000 போக, 3,15,000 கடன் வேண்டும். அதற்கு 70,000 பவுண்டு வருமானம் தேவை. அதாவது கணவன், மனைவி இருவரும் முழுநேரம் வேலை செய்தால்தான் நடுத்தரமான வீட்டின் கதவையே தட்ட முடியும். குழந்தைக் காப்பகச் செலவைக் கழித்த பிறகுதான் வங்கி கணக்குப் போடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும் உண்டு. நிபந்தனைகள் வங்கிக்கு வங்கி மாறும். ஒரு வங்கி மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம்.

வட்டி இன்னும் இறங்கும்வரை காத்திருக்கலாமா?

மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம் 2021 டிசம்பர்வரை 0.1 சதவீதம். 2023 ஆகஸ்டில் 5.25. நடுவில் 2022 செப்டம்பர் 23-ல் வந்த அரசின் 'மினி பட்ஜெட்' நிதிச் சந்தையைக் கலக்கியதில், இரண்டாண்டு நிலைவட்டிக் கடன்கள் அடுத்த மாதமே சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டின. 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக இறக்கி, ஓராண்டில் 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த எண்கள் வீட்டுக்குள் வரும்போது எப்படி இருக்கும்? 3,15,000 கடன், முப்பது ஆண்டு. 2 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 1,160 பவுண்டு. 4.5 சதவீதத்தில் சுமார் 1,600. 6 சதவீதத்தில் 1,890-ஐ ஒட்டும். வீடு அதே வீடு.

முப்பதை முப்பத்தைந்து ஆண்டாக நீட்டினால் 4.5 சதவீதத்தில் மாதம் நூறு பவுண்டு போலக் குறையும். மொத்தத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். பலர் நீட்டித்தான் வாங்குகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

2 சதவீதம் திரும்பி வரும் என்று காத்திருப்பவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. வட்டி இறங்கினால் வாங்குகிறவர்கள் கூடுவார்கள், விலை ஏறும். அந்த ஆதாயத்தைத் தனியாக அனுபவிக்க யாரும் விட மாட்டார்கள்.

சென்னையில் எனக்கு ஒரு பிளாட் இருக்கிறது. இங்கே நான் முதன்முறை வாங்குபவர்தானே?

இல்லை. நம்மவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வையில் முதன்முறை வாங்குபவருக்குச் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளபடி 3,00,000 பவுண்டுவரை தீர்வை இல்லை. அதற்கு மேல் 5,00,000வரை 5 சதவீதம். வீட்டின் விலை ஐந்து லட்சத்தைத் தாண்டினால் சலுகையே கிடையாது. ஆனால் 'முதன்முறை' என்பதற்கு உலகத்தில் எங்குமே வீடு வைத்திருந்ததில்லை என்று பொருள். சென்னையும் யாழ்ப்பாணமும் கோலாலம்பூரும் அந்த உலகத்தில் அடக்கம். அப்பா இறந்தபின் ஊர் வீட்டில் உங்களுக்கு வந்த பங்கும் சேர்த்தி.

இன்னொரு அடி இருக்கிறது. வாங்கிய நாளின் முடிவில் உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தால், 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதம் கூடுதல் தீர்வை. குடியிருந்த சொந்த வீட்டை விற்று அதற்குப் பதிலாக வாங்குபவருக்கு விலக்கு உண்டு. 40,000 பவுண்டுக்குக் குறைந்த மதிப்புள்ள சொத்து கணக்கில் வராது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பரம்பரையாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்குக்கும் விலக்கு உண்டு. லண்டனில் வாடகைக்கு இருந்துகொண்டு, சென்னையில் பிளாட் வாங்கிப் போட்டிருப்பவர் இந்த வலையில் நேராக வந்து விழுவார்.

மூன்றரை லட்சம் வீட்டுக்குப் பார்ப்போம். முதன்முறை வாங்குபவர் கட்டுவது 2,500 பவுண்டு. சலுகை இல்லாதவர் 7,500. கூடுதல் தீர்வையும் சேர்ந்தால் 25,000. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைச் சொலிசிட்டரின் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டது. முன்பணத்தில் பெரும்பகுதி தீர்வைக்கே போகும் நிலையில் வீட்டை விட்டுவிட்டார்கள்.

மனைவி பெயரில் மட்டும் வாங்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். கூடுதல் தீர்வை விஷயத்தில் சேர்ந்து வாழும் கணவன் மனைவியை ஒருவராகவே பார்க்கிறது சட்டம். 'லைஃப்டைம் ஐசா' சேமிப்புக் கணக்கிலும், அதில் வீடு வாங்க அரசு தரும் 25 சதவீத ஊக்கத்தொகை உலகில் எங்கும் வீடு இல்லாதவருக்குத்தான். கடன் ஆலோசகரைப் பார்க்கும் முன்பே ஊர்ச் சொத்து விவரத்தை எழுதி எடுத்துக்கொண்டு சொலிசிட்டரிடம் போங்கள்.

திரும்பிய பக்கமெல்லாம் புது வீடு கட்டுகிறார்களே, விலை இறங்காதா?

இறங்கும் என்று நானும் நம்பியிருந்தேன். 2011 முதல் 2031வரை 22,840 வீடுகள் என்று செர்வெல் கவுன்சில் 2015-ல் திட்டம் போட்டது. பெரும்பகுதி பேன்பரிக்கும் பிஸ்டருக்கும். பேன்பரிக்குத் தெற்கே லாங்ஃபர்ட் பார்க், வடக்கே ஹான்வெல் ஃபீல்ட்ஸ் என்று வயல் இருந்த இடமெல்லாம் தெருக்களாகிவிட்டன.

ஆனால் கட்டுமான நிறுவனம் அனுமதி வாங்கிய அத்தனை வீட்டையும் ஒரே மூச்சில் கட்டிச் சந்தையில் கொட்டாது. சுற்றுவட்டாரத்தில் நிலவும் விலை குலையாதபடி எத்தனை விற்குமோ அத்தனையே கட்டும். 2018-ல் முன்னாள் அமைச்சர் ஆலிவர் லெட்வின் அரசுக்குக் கொடுத்த ஆய்வறிக்கையும் இதையே சொன்னது. அதனால் புது வீடுகள் விலையேற்றத்தைச் சற்று மட்டுப்படுத்தலாம்; இறக்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டாமலே விட்டிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும் என்பதும் உண்மைதான். புது எஸ்டேட்டை எதிர்த்து ஜன்னலில் அட்டை ஒட்டும் கிராமத்துக்காரர்களிடம் எனக்குப் பரிவு உண்டு; ஆனால் அவர்களில் பலர் இருபது ஆண்டுக்கு முன் இன்னொரு புது எஸ்டேட்டில் வீடு வாங்கி வந்தவர்கள்.

'அஃபோர்டபிள்' வீடு என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது என்ன?

பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அது ஒரு திட்டச் சொல். பேன்பரியிலும் பிஸ்டரிலும் பெரிய குடியிருப்பு கட்டினால் 30 சதவீத வீடுகளும், மற்ற இடங்களில் 35 சதவீதமும் இந்த வகையில் இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. அதில் கவுன்சில் பட்டியல்வழி கிடைக்கும் குறைந்த வாடகை வீடு உண்டு, சந்தை வாடகையில் 80 சதவீதம்வரை வாங்கும் வீடு உண்டு, பங்குரிமை வீடும் உண்டு. சந்தை வாடகையே தாங்காத ஊரில் அதில் 80 சதவீதம் யாருக்குக் கட்டுபடியாகும் என்று கேட்காதீர்கள். 1980 சட்டத்தின்படி குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்ற கவுன்சில் வீடுகள் பல, இன்று அதே தெருவில் முழு வாடகைக்கு விடப்படுகின்றன.

பங்குரிமை வீடு நல்லதா?

வீட்டில் ஒரு பங்கை வாங்கி, மிச்சத்துக்கு வாடகை கட்டுவது. புதிய விதிப்படி 10 சதவீதத்திலிருந்தே தொடங்கலாம். லண்டனுக்கு வெளியே குடும்ப வருமானம் 80,000 பவுண்டுக்கு மேற்படக் கூடாது. மூன்றரை லட்சம் வீட்டில் 40 சதவீதம் என்றால் 1,40,000. முன்பணம் 14,000 போதும். கடன் தவணை 640 பவுண்டு போல. மீதிப் பங்குக்கு 2.75 சதவீதம் வாடகை என்றால் மாதம் 480. மொத்தம் 1,120. பராமரிப்புக் கட்டணம் தனி.

படிக்கும்போது இனிக்கும். வாடகை ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும். குத்தகை உரிமை என்பதால் கூரை ஒழுகினால் நீங்கள் வெறும் குடித்தனக்காரர் இல்லை, செலவு உங்களுடையதும் ஆகலாம். முன்பணம் சேராதவர்களுக்கு வேறு வழி இல்லாதபோது இதைச் சொல்வேன். முழுதாக வாங்க முடிகிறவரிடம் சொல்ல மாட்டேன்.

புது வீடா, பழைய வீடா?

புது வீட்டில் சூடு நிற்கும், மின்கட்டணம் குறையும். ஆனால் தெரு விளக்கு, புல்வெளி, குழந்தைகள் விளையாடுமிடம் ஆகியவற்றைக் கவுன்சில் ஏற்காமல், தனியார் நிர்வாக நிறுவனத்திடம் விட்டுவிடுகிறார்கள். போட்டி ஆணையம் 2024-ல் ஆராய்ந்தபோது, பெரிய 11 கட்டுமான நிறுவனங்கள் விற்ற புது வீடுகளில் 80 சதவீதத்துக்கு, இந்தப் பராமரிப்புக்காக வீட்டுக்காரர் கட்டும் கட்டணம் இருந்தது. சராசரி ஆண்டுக்கு 350 பவுண்டு. கவுன்சில் வரியும் கட்டி, இதையும் கட்டி, புல்லை யாரும் வெட்டவில்லை என்று நானே மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்த கோடை ஒன்று உண்டு. பதிலாக வந்தது அடுத்த ஆண்டுக்கான பில்.

பழைய வீடு என்றால் கிரிம்ஸ்பரி. ரயில் நிலையத்துக்குப் பின்னால், செங்கல் வரிசை வீடுகள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், நிலம் உள்ளவனுக்கே வாக்குரிமை என்றிருந்தபோது, சாதாரண மனிதர்கள் சங்கம் அமைத்து நிலம் வாங்கி மனைகளாகப் பிரித்துக்கொண்ட பகுதி அங்கே இருக்கிறது. வாக்குக்காக வீடு கட்டிய தெருவில் இன்று ரயிலுக்காக வீடு தேடுகிறார்கள்.

வாடகைக்கே இருந்துவிட்டால்?

தவறில்லை. 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்றவும் முடியாது. ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்கவும் முடியாது. இந்தக் கடைசி விதி புதிதாக வந்திறங்கும் நம்மவர்களுக்குப் பெரிய ஆறுதல். வைப்புத்தொகை பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது என்பது 2019 முதலே சட்டம்.

பிஸ்டர் எப்படி?

எழுத்துக்கூட்டிப் படித்தால் பைசெஸ்டர் என்று வரும், வாயில் பிஸ்டர்தான். 2014-ல் 'தோட்ட நகரம்' என்று அறிவித்தார்கள். லண்டனுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் பேன்பரியைவிட அருகில், அதற்கேற்ற விலை. முன்னாள் ராணுவ நிலமான கிரேவன் ஹில்லில் 1,900 வீடுகள்வரை திட்டமிட்டு, மனை வாங்கி அவரவர் விருப்பப்படி கட்டிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். மனை வாங்கி வீடு கட்டுவது நமக்குப் புதிதில்லை, இங்கிலாந்தில் அது அபூர்வம்.

வெள்ளம் வருமா?

1998 ஈஸ்டரில் ரயில் நிலையமே முழுகியது. 2012-ல் ஊருக்கு வடக்கே தடுப்பு அமைத்து முடித்தார்கள். ஆற்றையொட்டி வாங்குபவர்கள் காப்பீட்டுத் தொகையை விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஹெச்எஸ்2 ரயில் வந்தால் விலை ஏறுமா?

லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கக் கட்டிவரும் அந்த அதிவேக ரயில் பாதை இப்பகுதிக்கு வடகிழக்கே கடந்து போகிறது. இங்கே நிற்காது.

விலை பேசி ஒத்துக்கொண்டார்கள். வீடு என்னுடையதுதானே?

இன்னும் இல்லை. ஒப்பந்தம் கைமாறும் நாள்வரை இரு தரப்பும் எழுந்து போகலாம். வேறொருவர் கூடுதலாகக் கொடுத்தால் விற்பவர் மனம் மாறலாம், சட்டம் தடுக்காது. நீங்கள் வாங்கும் வீட்டுக்காரர் இன்னொரு வீடு வாங்க, அவர் இன்னொன்று வாங்க என்று சங்கிலியாக நீளும். எங்கோ ஒருவர் பின்வாங்கினால் எல்லோரும் நிற்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். திரைச்சீலைக்கு அளவெடுக்க அவசரப்படாதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மழை நாளில் போங்கள். கிரிம்ஸ்பரியில் நான் பார்த்த முதல் வீட்டின் முன்னறையில், ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஜன்னல் மேடையில் எலுமிச்சை மணமுள்ள மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. தரகர் சமையலறையைக் காட்ட உள்ளே நடந்தார். நான் நின்று, சோபாவைக் கையகலம் இழுத்து, சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட் விரலோடு உரிந்து வந்தது. அதன் கீழே கருத்த ஈரம், முழங்கால் உயரம்வரை. சோபாவை இருந்த இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டு, சமையலறையையும் பார்த்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீடு அடுத்த வாரமே கேட்ட விலைக்குப் போனது.